பதினோரு மணிக்கு மேல் அனுதாபம் வாங்கப்படாது

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நெருப்பில் கை வைக்கச் சொன்னால் வைக்கலாம். யார் கையை என்பதை மட்டும் அந்த நேரத்தில் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

காலை ஒன்பது மணிக்கு, கணவரின் உடல் முன்னறையில் இருக்க, அவள் வாசல் கதவில் ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை போதவில்லை. தூக்கி நின்ற மூலையை எச்சில் தொட்டு அழுத்தினாள். கதவுக்குப் பக்கத்தில், ஸ்டூலின் மேல் ஒரு பிஸ்கட் டின். மூடியில் கவர் நுழையும் அளவுக்கு ஒரு வாய். சுற்றிலும் நூல் கட்டி அரக்கு வைத்திருந்தது.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: ‘இரங்கல் செய்திகள் மூடி ஒட்டிய கவரில் மட்டும். பதினோரு மணிக்கு அனைவர் முன்னிலையிலும் பிரிக்கப்படும். பதினோரு மணிக்கு மேல் அனுதாபம் வாங்கப்படாது.’

“என்னக்கா இது,” என்றான் தம்பி. பஸ் கண்டக்டர். அவன் ரகசியம் பேசினாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கும். “பாக்குறவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். இருபத்தாறு வருஷம் டெண்டர் பெட்டி பக்கத்துலயே உக்காந்திருந்த மனுஷன். வாயால சொன்னத என்னைக்குடா அவரு நம்பினாரு?”

“இனிமே நம்பினா என்ன, நம்பாட்டி என்ன?”

“அதான் கவர்ல கேக்குறேன். நீதான் படிக்கணும். தொண்டைய வீணாக்காத.”

அவர் பெரிய அரசு மருத்துவமனையில் கொள்முதல் அதிகாரி. பஞ்சிலிருந்து பிணவண்டி வரை அவர் கையெழுத்தில்லாமல் உள்ளே வராது. அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் முட்டுக்கட்டை. மாதிரிக்கென்று ஒரு வியாபாரி கொடுத்த பேனாவை, மை தீரும்வரை ஒரே கோடாக இழுத்துப் பார்த்துவிட்டு, காலிப் பேனாவை ரசீதோடு திருப்பி அனுப்பியவர். கோடு இரண்டு கிலோமீட்டர் வந்தது. அட்டைப்பெட்டியில் மூன்று என்று போட்டிருந்ததால் பேனா வாங்கப்படவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் கட்டில் டெண்டர் வந்தது. மூன்று கம்பெனிகள் விலை கொடுத்திருந்தன. மூன்று தாளிலும் ‘கட்டிலின் கால்கள்: ஐந்து’ என்று இருந்தது. அவர் ஃபைலில் எழுதினார்: ‘மூன்று வியாபாரிகளும் தனித்தனியே ஐந்து கால் கட்டிலைக் கண்டிருக்கிறார்கள். மூவரும் ஒருவரே என்று கருதுகிறேன்.’

மறுவாரம் ஃபைலில் அந்தத் தாள்கள் இல்லை. அதே தேதி, அதே முத்திரையோடு வேறு தாள்கள் இருந்தன. கட்டிலுக்கு ஒழுங்காக நான்கு கால்கள். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “எங்கய்யா அஞ்சு?” என்று கேட்டார். நேர்மையான வியாபாரிகள் மேல் அபாண்டம் சுமத்தினார், நோயாளிகளுக்குக் கட்டில் வராமல் தடுத்தார் என்று குற்றச்சாட்டு. வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை நான்கு வருடம் நடந்தது. நடந்தது என்பதைவிடப் படுத்திருந்தது என்பதே பொருத்தம்.

அப்புறம் அவரும் படுத்தார். அதே மருத்துவமனை, அந்த டெண்டரில் வாங்கிய அதே கட்டில். முதல் நாளே நடுவில் தொய்ந்துவிட்டது. வார்டு ஆள் ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து அடியில் முட்டுக் கொடுத்தான். அவர் தலையைத் தொங்கவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“பாத்தியா,” என்றார் அவளிடம். “அஞ்சாவது கால் வந்து சேந்துடுச்சு.”

பன்னிரண்டு நாளும் வந்தவர் போனவருக்கெல்லாம் அதைக் காட்டினார். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் ஒரு புதிய நர்ஸுக்குக் காட்டக் குனிந்தவர், சிரித்தார், நிமிரவில்லை. இதயம் நின்றதாக மருத்துவர் எழுதினார். சிரிப்பு என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

அன்று சாயங்காலமே விசாரணை அதிகாரி போன் செய்தார். “வருத்தமா இருக்கும்மா. ஃபைல நாளைக்கே மூடிடறேன். இனி உங்களுக்குத் தொந்தரவு இல்ல.”

“என்னன்னு எழுதி மூடுவீங்க சார்?”

“இறந்துட்டதால முடிக்கப்பட்டதுன்னு.”

“குற்றச்சாட்டு?”

“அது அப்படியே இருக்கும். ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

“நாளைக்குப் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வாங்க சார். வந்துட்டுப் போய் மூடுங்க,” என்றாள்.

பத்தரை மணிக்கு அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருமுனையில் ஒரு கார் நின்றது. கட்டில் விற்ற இரும்புக்காரர் இறங்கினார். அவருடைய மச்சான் இறங்கினார். மாமனாரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். மூன்று கம்பெனிக்கும் மூன்று முதலாளிகள். ஒருவரையொருவர் தெரியாது என்று எழுதிக் கொடுத்தவர்கள் என்பதால் மூன்று நிமிட இடைவெளி விட்டு நடந்து வந்தார்கள். அவள் போனில் சொல்லியிருந்தபடி ஆளுக்கொரு கவரை டின்னில் போட்டுவிட்டு உள்ளே வந்ததும் மச்சான், மாமனாரிடம், “சாருக்கு எந்த ஊரு?” என்று விசாரித்தார்.

கண்காணிப்பாளர் மலர்வளையத்தோடு வந்தார். “அவர மாதிரி ஒரு நேர்மையானவர இனி பாக்க முடியாதும்மா.”

“பாத்துட்டுத்தானே சார் சஸ்பெண்ட் பண்ணீங்க. உக்காருங்க.”

பதினோரு மணிக்கு அவள் அரக்கை உடைத்தாள். பதினேழு கவர்கள். சந்தேகமிருந்தால் எண்ணிக்கொள்ளலாம் என்றாள். யாரும் எண்ணவில்லை. கம்பெனிப் பெயர் அச்சடித்த மூன்றை முதலில் எடுத்து, மடியில் வைத்துத் தானே பிரித்துத் தாள்களை நீட்டினாள்.

“பிரிச்சதும் முதல்ல கையெழுத்து, அப்புறம்தான் வாசிப்பு. அவரு எப்பவும் அப்படித்தான் செய்வாரு. உங்களுக்குத் தெரியாததா?”

பேனா சுற்றி வந்தது. மாமனார் போட்டார். மச்சான் தேதியும் சேர்த்துப் போட்டார். இரும்புக்காரர் ஒரு கணம் தாளைப் பார்த்தார். பக்கத்தில் கண்காணிப்பாளர், எதிரே விசாரணை அதிகாரி, நடுவில் உடல். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். தொழிலில் வந்த பழக்கம்.

தம்பி தொண்டையைச் செருமினான். மாமனாருடைய கடிதம். “அன்னாரின் அடர்ந்த மீசையைக் கண்டாலே எங்கள் கம்பெனிக்கு நேர்மை நினைவுக்கு வரும். அந்த மீசையை இனி என்று காண்போம்?”

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் மொத்தமும் எழுந்து உடலின் மேலுதட்டை எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தது. அவர் வாழ்நாளில் மீசை வைத்ததில்லை.

“பெரியவருக்குக் கண்ணு சரியில்ல போல,” என்று யாரோ முணுமுணுத்தார்.

மச்சானுடைய கடிதம். “அன்னாரின் அடர்ந்த மீசையைக் கண்டாலே...” பின் வரிசையில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை.

இரும்புக்காரருடைய கடிதத்தைத் தம்பி எடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. “அன்னாரின் அடர்ந்த மீசையைக் கண்டாலே எங்கள் கம்பெனிக்கு நேர்மை நினைவுக்கு வரும்.” கடைசி எழுத்து வரை படித்தான். கண்டக்டர் அல்லவா, தெருவே கேட்டது.

விசாரணை அதிகாரி எழுந்துவந்து மூன்று தாளையும் வரிசையாகப் பிடித்துப் பார்த்தார். “மூணு பேருக்கும் பழக்கமே இல்லன்னு எழுதிக் கொடுத்தீங்களே.”

“சார், இது நான் அனுப்பினதே இல்ல,” என்றார் இரும்புக்காரர்.

“கையெழுத்து?”

“அது என்னோடதுதான். ஆனா காகிதம் வேற சார். யாரோ மாத்தி வெச்சிருக்காங்க.”

அவள் அவரைப் பார்த்தாள். நான்கு வருடத்தில் முதல் முறையாக அவள் குரல் இனிமையாக இருந்தது. “இவரும் இதையேதான் அண்ணே சொன்னாரு. அப்போ நீங்க என்ன சொன்னீங்க?”

இரும்புக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மாமனாரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வண்டி வந்து உடலை எடுக்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். விசாரணை அதிகாரி மூன்று தாளிலும் எண் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, “ஃபைல மூட முடியாதும்மா,” என்றார்.

“அவசரமில்ல சார்.”

ஏழு மாதத்தில் மூன்று கம்பெனிகளையும் கறுப்புப் பட்டியலில் போட்டார்கள். நூற்று நாற்பது கட்டிலையும் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார்கள். வைக்க இடம் கிடைக்காமல் இரும்புக்காரர் வீட்டு வாசலிலேயே அவை மழையில் கிடந்தன. கண்காணிப்பாளரை ஓட்டை உடைசல் சாமான்கள் வைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். இறந்தவர் மேல் இருந்த குற்றச்சாட்டு நீக்கப்பட்டதாகப் பதிவுத் தபாலில் உத்தரவு வந்தது. அவள் தபால்காரரை நிற்கவைத்து, நிலைப்படியில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிறகு அடுப்பில் வைத்த பால் பொங்கும் சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை.

அந்த மீசைக் கடிதத்தை, சாவதற்கு நான்கு நாள் முன்பு, மூன்று பிரதி எடுக்கச் சொல்லி அவளிடம் வரி வரியாகச் சொன்னவர் அவர்தான்.