பத்தாவது குஞ்சைத் தரமாட்டேன்

1.

இருந்தவர்கள்: சலவை அறையில், கவிழ்த்த வாளியின் மேல் கிளெனிஸ். துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல், பூட்ஸைக்கூடக் கழற்றாமல், அவள் தம்பி டாரில். கதவு நிலையில் சாய்ந்தபடி, அடுத்த வீட்டுக்காரி நான். பிளாஸ்டிக் தொட்டியில், சிவப்பு விளக்கின் கீழ், ஒன்பது குஞ்சுகள்.* பத்தாவது குஞ்சு மட்டும் ஒரு மூலையில், கால்கள் இரண்டும் இரு பக்கம் விரிந்து, வயிறு தரையில் படக் கிடந்தது.

கதை கிடைத்த இடம் இதுதான்: தாஸ்மேனியா, செப்டம்பர், ஞாயிறு காலை. இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

(* குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் விளக்கைத் தாழ்த்த வேண்டும், ஓரம் ஒதுங்கினால் உயர்த்த வேண்டும். அன்று விளக்கில் குறையில்லை.)

2.

இதை எழுத உட்கார்ந்தபோது முதல் தொடக்கம்: "தாய்மை ததும்பும் நெஞ்சோடு கிளெனிஸ்—" வேண்டாம். படித்தால் ஏணியை என் தலையில் போடுவாள்.

இரண்டாவது: "மழலைப் பள்ளிக்குப் பத்து முட்டைகளும் பொரிக்கும் பெட்டியும் இரண்டு வார வாடகைக்கு வந்தன." இது பரவாயில்லை. பிள்ளைகள் பார்க்க வியாழனன்று பொரிந்தன. அங்கே உதவியாளராக இருக்கும் கிளெனிஸ், வாரக் கடைசிக்கு அவற்றைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை, வாடகைக்கு விட்டவர்களின் வண்டி பள்ளிக்கு வரும். பத்துக் குஞ்சும் திரும்பிப் போக வேண்டும்.

நடக்காத குஞ்சை என்ன செய்வீர்கள் என்று தொலைபேசியில் கேட்டாள். "முடிச்சிடுவோம்" என்றார்கள்.

3.

"கழுத்தைத் திருகு, ரெண்டு நொடி வேலை. நான் பண்ணட்டா?" என்றான் டாரில். நூற்றெண்பது கறவை மாடு வைத்திருப்பவன்.

"கைய வெச்சுப் பாரு. முதல்ல உன் கழுத்துதான்."

"நிக்காத கன்னு நிக்காது, கிளெனிஸ். எத்தனை பார்த்திருப்பேன்."

"இது கன்னும் இல்ல, நீ டாக்டரும் இல்ல. கத்திரிக்கோலை எடு."

காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை நீளவாக்கில் நறுக்கி, கால்கள் மறுபடி விலகாதபடி இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். குஞ்சு எழுந்தது. அலகு தரையில் குத்த விழுந்தது.

"குடிச்சிட்டு பப்லேருந்து வர்ற கெவின் மாமா மாதிரியே இருக்கு."

"அவரைத் தூக்கி நிறுத்த ஆள் இருந்துச்சுல்ல? வாயை மூடு."

ஏன் இத்தனை பிடிவாதம் என்று நான்தான் கேட்டேன். குப்பைக்கூடையிலிருந்து ஒரு கத்தைத் தாளை இழுத்துப் போட்டாள்.

"சுத்தமா இருக்கட்டும்னு ரெண்டு மணிக்கொரு தடவை புதுத் தாள் விரிச்சேன். வழவழன்னு விளம்பரத் தாளு. கால் ஊன முடியாம வழுக்கி வழுக்கி இப்படி ஆயிடுச்சு. நோயில்ல, பிறவியில்ல. நான் பண்ணினது."

தொட்டியில் இப்போது சொரசொரப்பான துவாலை. டாரில் இறங்கி வந்து அதைத் தடவிப் பார்த்தான்.

4.

[நூலகத்தில் வியாழன்தோறும் கூடும் எங்கள் எழுத்துக் குழுவில், "குஞ்சு செத்தாத்தான் கதை" என்றாள் ராஸ்லின். மாட்டேன். கிளெனிஸ் விரித்த துவாலையை ஒரு நல்ல கடைசி வரிக்காக நான் உருவ மாட்டேன்.

"புதன்கிழமை குஞ்சு எழுந்து ஓடட்டுமே" என்றார் இன்னொருவர். அதுவும் மாட்டேன். குஞ்சு பிழைத்ததால்தான் அவள் செய்தது சரி என்று ஆகிவிடும். அது குப்புற விழுந்து கிடந்தபோதே அவள் செய்தது சரி.

மூன்றாவதாக நானே எழுதிப் பார்த்த முடிவு: "வண்டிக்காரன் இறங்கி வந்தபோது கிளெனிஸின் கைகள்" — இல்லை, நடுங்கவில்லை.]

5.

வாடகைக்கு விட்டவர்களுக்கு, சமையலறை மேசை முன் உட்கார்ந்து கிளெனிஸ் எழுதினாள்:

"ஒன்பது குஞ்சுகளை அனுப்புகிறேன். பத்தாவதைத் தரமாட்டேன். அதன் கால் கெட்டது என்னால். ஆகவே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதும் நான். பள்ளிக்கு இது தெரியாது; கேட்பதை என்னிடம் கேளுங்கள். — கிளெனிஸ் பாஸ்கோ."

"வேலை போயிடும்" என்றான் டாரில்.

"போனா போகட்டும். உன் மாட்டைக் கறக்க வர்றேன்."

"ஐயோ, என் மாடு என்ன பாவம் பண்ணுச்சு?" தாளைத் தன் பக்கம் திருப்பி இன்னொரு முறை படித்தான். "'தரமாட்டேன்'னு இருக்கே, அதுக்குக் கீழ ஒரு கோடு போடு."

போட்டாள்.

குஞ்சு நடந்ததா என்று கேட்பீர்கள். திங்கள் காலை பள்ளி வாசலில் நின்றபோது அவளுக்கே தெரியாது. தெரியாமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவளை முந்திக்கொண்டு உங்களுக்குச் சொல்ல மாட்டேன். முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், துவாலையை மட்டும் எடுத்துவிடாமல்.

உறையின் ஓரத்தை நாக்கால் ஈரமாக்கி ஒட்டினாள். முஷ்டியால் ஒரு குத்து வைத்து அழுத்தினாள். ஒன்பது குஞ்சுகளின் பெட்டி மேல் அதை வைத்து, வண்டிக்காரனிடம், "உங்க முதலாளிக்கு" என்றாள். அவன் கதவைச் சாத்தினான், வண்டி கிளம்பியது.