கடைசி வரிசைக்காரர்கள்

"கிழிக்காதீங்க மாமா!"

மகிழினி சொன்னபோது, வால்டரின் விரல் நகம் பழைய சுவரொட்டியின் ஓரத்தில் ஏற்கெனவே நுழைந்திருந்தது.

கல்மண்டபத்துக் குடியிருப்பின் படிக்கட்டுச் சுவரில் ஓராண்டாக இருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அது. அதில் மனித முகம் இல்லை. பொழுதுபோக்குப் பூங்காவில் ஊஞ்சலாக ஆடிய கொலம்பஸ் கப்பலின் படம் இருந்தது. தோற்றம், மறைவு ஆண்டுகள் இருந்தன. கீழே, ஆறாத் துயருடன் கடைசி வரிசை நண்பர்கள் என்று அச்சிட்டிருந்தது. பூங்காக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிரித்தெடுத்த வாரம், மகிழினியின் அப்பா வேலப்பன் தன் கையாலேயே பசை தடவி ஒட்டியது. தெருவே சிரித்தது. மகிழினி ஒரு மாதம் தலைகுனிந்து படியேறினாள்.

இன்று வால்டரின் கையிலிருந்த புதிய சுவரொட்டியில் அப்பாவின் முகம் இருந்தது. நேற்றுக் காலை துறைமுகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"அப்ப இத்த எங்க ஒட்றது? எடமே இல்லியே."

"பக்கத்துலயே ஒட்டுங்க. ரெண்டும் இருக்கட்டும்."

வால்டர் ஒட்டினார். முகத்தில் விழுந்த சுருக்கத்தை உள்ளங்கையால் நெடுநேரம் நீவினார். பிறகு கீழே பார்த்தார். கடைசிப் படியில் நசீர் உட்கார்ந்திருந்தார். நேற்று மாலையிலிருந்து அங்கேயே இருந்தார். மேலே வரவில்லை; யாரும் அழைக்கவும் இல்லை.

வேலப்பன், நசீர், வால்டர் மூவரும் ஒரே கும்பலில் மூட்டை தூக்கியவர்கள். ஆயுள் முழுவதும் கப்பல்களின் வயிற்றை நிரப்பியவர்கள். எந்தக் கப்பலும் அவர்களைப் பயணியாக ஏற்றியதில்லை. ஏற்றியது அந்தப் பூங்காக் கப்பல் ஒன்றுதான். அங்கே இரும்புத் தண்டு எல்லோர் மடியிலும் ஒரே கனத்தோடு இறங்கியது. எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்தச் சாமி என்று அது கேட்கவில்லை. உச்சிக்குப் போனதும் கைகளை உயர்த்த எந்த மேஸ்திரியின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. ஆண்டுதோறும் மே தினத்தன்று வேன் பிடித்துப் போனார்கள். கடைசி வரிசையில் மட்டுமே அமர்ந்தார்கள். ஏறுவதற்கான உயரக் குறியைத் தொட்ட ஆண்டிலிருந்து நான்காவது இடம் மகிழினிக்கு. அம்மா சிவந்தி ஏறமாட்டாள். நான்கு ஜோடிச் செருப்புகளைக் காத்துக்கொண்டு கீழே நிற்பாள்.

கப்பல் போனதும் அப்பா சபதம் போட்டார்: கப்பல் இல்லாத பூங்காவில் நம் கால் படாது. மூவரும் கையடித்துக்கொண்டார்கள். சென்ற மே தினத்தன்று நசீர் பேத்தியின் அழுகைக்கு இணங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து, ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய அவரும் அப்பாவும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை.

பாடை தயாராகிவிட்டது. பறை நின்றது. தெருமுனையில் கன்டெய்னர் லாரிகள் வழிவிட்டு நின்றன. தோள் கொடுக்க வால்டர் வந்தார். சித்தப்பா பகலவன் வந்தார். இன்னும் இரண்டு மூலைகள்.

"பாய் மாமா, வாங்க" என்றாள் மகிழினி.

நசீர் எழுந்தார். வால்டரின் கை குறுக்கே நீண்டது.

"தபாரு மகி, ஒங்க நைனா சாவற வரிக்கும் இவனாண்ட பேசல. அந்த ஆளு சொல்லுக்கு இன்னா மரியாத?"

"வுடு வால்டரு" என்றார் நசீர். "நான் பின்னாலயே வந்துக்கிறேன்."

மகிழினி அம்மாவைப் பார்த்தாள். அப்பா மகிழினியிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். அதைக் காத்தால் நசீர், பாடைக்குப் பின்னால் அந்நியனைப்போல நடக்க வேண்டும். அந்த வாக்கை அவள் அங்கேயே உடைத்தாள்.

"போன மாசம் நைனா பூங்காவுக்குப் போச்சு. என் ஸ்கூட்டர்லதான்."

பின்னால் போகத் திரும்பிய நசீர் நின்றார். மகிழினி தொடர்ந்தாள்.

"கப்பல் இருந்த எடத்துல பெரிய கோபுரம் ஒண்ணு நிக்குது, ஆள மேல தூக்கிக்கினு போயி எறக்குறது. அடில நின்னு ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் ஏறுச்சு."

"ஏறுனானா?" வால்டரின் கை தாழ்ந்தது.

"ஏறுச்சு. எறங்குனதும், 'மேலருந்து கடல் தெரிதுமா, ஆனா பக்கத்து சீட்டு காலியா இருந்தது பேஜாராப் பூட்ச்சு'ன்னுச்சு. 'மே தினத்துக்கு நசீர் வூட்டாண்ட நானே போறேன், நீ வாயத் தொறக்காத'ன்னுச்சு."

நசீர் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்ப ஒரு வருசமா சபதத்தக் காப்பாத்திக்கினு இருந்த நான் இன்னா கேனையனா?" என்றார் வால்டர். பாடையில் படுத்திருந்தவரின் முகத்தை நோக்கிக் குனிந்தார். "டேய் ஃபிராடு, எனுக்காச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

பதிலுக்குக் காத்திருப்பவரைப்போல அவர் நின்றார். பிறகு நசீரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, முன்மூலையில் நிறுத்தினார்.

நான்காவது மூலையை மகிழினி பற்றினாள்.

"பொட்டப்புள்ள தோள் குடுக்கறதா?" என்றார் பகலவன். "இன்னா பழக்கம் இது?"

சிவந்தி அன்று முதல்முறையாக வாய் திறந்தாள். "சின்னவரே, இருவது வருசம் நான் மாவு மூட்ட தூக்கியிருக்கேன். அப்ப எந்தப் பயலும் பொட்டப்புள்ளன்னு சொல்லி எறக்கி வெக்கல. எம்பொண்ணு அவுங்கப்பன தூக்குனா ஒங்களுக்கு நோவுதா? புடிங்க."

பகலவன் பிடித்தார்.

பாடை எழுந்தது. மகிழினி மற்றவர்களைவிடக் குள்ளம். அவள் பக்கம் தாழ்ந்து, எதிர்ப்பக்கம் உயர்ந்தது. ஒருகணம் அப்பா இடவலமாக ஆடினார். நால்வரும் அடிவைத்துச் சமன் செய்தார்கள். பாடையைப் பிடிக்காத நசீரின் கை, அவர் அறியாமலே மேலே உயர்ந்தது. மகிழினியின் கையும் உயர்ந்தது.

வால்டர் நேராகப் பார்த்தபடி நடந்தார். லாரிகளைத் தாண்டும்போது, முன்னால் போகும் தலையைப் பார்த்துக் கேட்டார்:

"பாய், மே ஒன்னாந்தேதி வேன் எத்தினி மணிக்கு?"

"ஆறு."

"ஆறா? காத்தாலயேவா?" என்று முனகியவரின் கையும் உயர்ந்தது.

சிவந்தி படிக்கட்டருகே குனிந்தாள். தோள் கொடுத்தவர்கள் கழற்றிவிட்டுப்போன நான்கு ஜோடிச் செருப்புகளைப் பொறுக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, பின்னால் நடக்கத் தொடங்கினாள்.