ஐந்து இடத்தில் நின்றவள்

செம்பூர் மைதானத்தில் நடந்த பெண்கள் கால்பந்துப் போட்டியின் அரையிறுதியில் அஸ்ரின் ஒரே நேரத்தில் ஐந்து இடத்தில் நின்று ஆடினாள். ரெஃபரி இரண்டு முறை எண்ணினார், இரண்டு முறையும் பதினொன்று வந்தது, விசில் ஊதிவிட்டார். அன்று வெயில் முப்பத்து நான்கு டிகிரி. தாராவி அணி இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. ஒரே அறைக்குள் மூன்று குடும்பம் இருக்கிற ஊரில் ஒரே பெண் ஐந்து இடத்தில் இருந்தால் என்ன வந்துவிட்டது என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

அந்த அணியை நடத்தியவர் நம்பிராஜன். தாராவியில் ஸ்கூல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். பதினொரு பெண்களும் அவரிடம் தைப்பவர்கள்தான். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி வரவில்லை என்றால் அவளுடைய மெஷினையும் பக்கத்து மெஷின்காரி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு பத்லி என்று பெயர். ஒரு மெஷின் ஒரு மணி நேரம் சும்மா நின்றால் நம்பிராஜனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். இந்த வழக்கத்தை அவர் அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்தார். பையின் உள்பக்கம் வைக்கிற லைனிங் துணியில், காற்றுப் புகாத பதினொரு சட்டை தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் ஒட்டினார். பன்னிரண்டாவது சட்டையைப் பற்றி யாரோ கேட்டபோது, உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்குச் சட்டை என்றார்.

ஜூலையில் ஓர் ஆட்டத்தின் நடுவில் மாலதிக்குக் கணுக்கால் முறிந்தது. இடது பின்வரிசையில் ஆடுகிறவள், மூன்றாம் நம்பர். நம்பிராஜன் அவளுடைய சட்டையை வாங்கி அஸ்ரினிடம் நீட்டினார். அஸ்ரினுக்குப் பத்தொன்பது வயது. ஒன்பதாம் நம்பர், முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவள்.

"இதையும் மேல போட்டுக்கோ, பிள்ள."

"அப்ப ஒம்பதுல யாரு நிப்பா, அண்ணாச்சி?"

"நீதான்."

"மூணுல?"

"அதுலயும் நீதான். காலிபீலி வெட்டிப்பேச்சு பேசிட்டு நிக்காத, அங்க எதிர்டீம்காரி த்ரோ போடப் போறா."

இதில் ஏதோ தவறு இருப்பதாக அஸ்ரினுக்கு அப்போது தோன்றவில்லை. பட்டறையில் தினமும் அப்படித்தான். ஒன்பதின் மேல் மூன்றை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். முன்வரிசையில் ஒன்பதாகவும் பின்வரிசையில் மூன்றாகவும் நின்றாள். இரண்டு இடத்திலும் அவள்தான் வியர்த்தாள்.

செப்டம்பரில் ஆறாம் நம்பர் கலைச்செல்விக்கு முழங்கால் போனது. நவம்பரில் நாலாம் நம்பருக்குத் தோள்பட்டை, டிசம்பரில் ஏழுக்கு விலா. அந்த மூன்று சட்டையும் அஸ்ரின் மேலேயே ஏறின. ஒருத்தியைக்கூட நம்பிராஜன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. மோட்டார் மெஷினுக்கு ஒரு கால் போதாதா என்று கேட்டு மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார். மைதானத்தில் இடம் காலியாகவில்லை, ஆகவே யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது அவர் கண்ட நியாயம். அதை அவர் நம்பவும் செய்தார், அதுதான் வயிற்றெரிச்சல். ஐந்து இடத்தில் விழுந்த உதையும் ஒரே உடம்பில் வந்து சேர்ந்தது. அஸ்ரினின் உம்மா பேகம் தைலம் தேய்த்துவிடும்போது கை வைக்க இடம் தேடுவாள்.

"அஞ்சு பேரு ஒதயும் ஒனக்கு. ஆட்டம் முடிஞ்சா அந்தாளு குடுக்குற வாழப்பழம் மட்டும் எப்பவும் ஒண்ணுதான், என்னளா?"

அஸ்ரின் பொறுத்துக்கொண்டது இறுதிப்போட்டிக்காக. பத்மஜா என்கிற பழைய ஆட்டக்காரி மாநிலப் பயிற்சி முகாமுக்கு ஆள் பொறுக்க அன்றைக்கு வருவதாக இருந்தது. முகாமில் இரண்டு வருடம் தங்க இடம், சாப்பாடு, டாக்டர், படிப்பு. முன்வரிசைக்கு எடுப்பது ஒரே ஒருத்தியை. பை லைனிங்கை விட்டு வெளியே போக அஸ்ரினுக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதான்.

ஜனவரியில் இறுதிப்போட்டி. முதல் பாதியில் மூன்றாம் நம்பர் பறந்து பறந்து தடுத்தாள், நாலாம் நம்பர் தலையால் முட்டினாள், ஆறும் ஏழும் ஓயாமல் ஓடினார்கள். எல்லாம் அஸ்ரின்தான். ஒன்பது மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நடப்பதுபோல் நடந்தாள். ஐந்து சட்டையில் அடியில் கிடந்தது அதுதான். மேலே நான்கு லைனிங் துணி நெஞ்சை இறுக்கியிருக்க, எதிரே கோல் திறந்து கிடந்தும் அவளால் ஓட முடியவில்லை. இடைவேளையில் பத்மஜா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். முறிந்த கால் ஆறு மாதமாகியும் கூடாமல் ஊன்றுகோலோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாலதி, பத்மஜாவின் மேஜையில் கிடந்த குறிப்புத் தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு தத்தித் தத்தி அஸ்ரினிடம் வந்தாள்.

"ஏட்டி, நான் பிரமாதமா ஆடுதேனாம். மூணாம் நம்பர் மாலதிய எடுக்கலாம்னு எழுதியிருக்கு."

"ஒம்பதுக்கு?"

"சோம்பேறின்னு."

அஸ்ரின் வாயில் இருந்த தண்ணீரைப் புல்லில் துப்பினாள். நம்பிராஜன் நடுவில் வந்தார்.

"யாரு பேரா இருந்தா என்ன? நம்ம பட்டறைப் பிள்ளைதான. மாலதி பேருல நீயே முகாமுக்குப் போ, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"எம் பேரு அங்க ஓடுது அண்ணாச்சி, அதனால நான் இங்க நொண்டல. அப்படித்தான?" என்றாள் மாலதி. "இவ காலம்பூரா என் பேருல ஓடணும், நான் காலம்பூரா இப்படி ஒக்காந்திருக்கணும். நல்லாருக்கு ஒங்க ஞாயம்."

ஊன்றுகோலைக் கீழே போட்டாள். ஒற்றைக் காலில் நின்று, அஸ்ரின் மேல் கிடந்த ஏழாம் நம்பர் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தாள். கலைச்செல்வி வந்து நாலைக் கழற்றினாள், தன்னுடைய ஆறையும் உரித்து எடுத்தாள். மூன்றை மாலதி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு சட்டை கழன்றபோதும் மைதானத்தில் ஓர் இடம் வெறும் புல்லானது. ஒன்பதோடு நின்ற அஸ்ரின், ஜூலைக்குப் பிறகு மைதானத்தில் முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள்.

இரண்டாம் பாதியில் தாராவிக்கு ஏழு பேர். சட்டப்படி ஏழு போதும் என்று ரெஃபரி விசில் ஊதினார். கோட்டோரத்தில் நம்பிராஜன், "காலி, காலி" என்று ஒவ்வொரு இடமாகக் காட்டித் தொண்டை கிழியக் கத்தினார். அந்தக் காலி இடங்கள் வழியாக எதிரணி நான்கு கோல் போட்டது. ஒன்பதாம் நம்பர் இரண்டு கோல் போட்டாள். இரண்டாவது, மூன்று பேரைத் தாண்டி இடது காலால் அடித்தது. பத்மஜா பேனாவை எடுத்துப் பழைய சொல்லை அடித்தாள். கோப்பை கைவிட்டுப் போனது. ஆட்டக்காரி நான்கு இடத்தை விட்டு ஓடிவிட்டாள் என்று நம்பிராஜன் போட்டிக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுத்தார். குழு கூடி, டீ குடித்து, தன்னுடையதல்லாத இடத்தைவிட்டுப் போவது ஓடிப்போவதாகாது என்று பதில் எழுதியது. மறுநாள் அடிபட்ட நான்கு பேரும் வராமல் பட்டறையில் நான்கு மெஷின் நின்றது. மற்றவர்கள் ஏழு பேரும் தங்கள் மெஷினை மட்டும் ஓட்டினார்கள். மூன்றாம் நாள் நம்பிராஜன் இரண்டு டாக்சி பிடித்து, நான்கு பேரையும் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். வழியெல்லாம் முணுமுணுத்தாராம்.

மார்ச்சில் முகாம் அலுவலகத்தில் அஸ்ரினிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, ரத்த வகை, ஆடும் இடம் எல்லாம் எழுதினாள். கடைசியில் அந்த வருடம் புதிதாக அச்சடித்திருந்த ஒரு கட்டம் இருந்தது: ஒரே நேரத்தில் எத்தனை இடத்தில் நிற்க முடியும். அவள் 'ஒன்று' என்று எழுதினாள். குமாஸ்தா சுப்ரமணியன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, ஐந்து என்றல்லவா கேள்விப்பட்டோம் என்றார்.

"நிக்க முடியும் சார்," என்றாள் அஸ்ரின். "நிக்க மாட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டு முத்திரை குத்தி, வரிசையில் அடுத்து நின்றவளைக் கூப்பிட்டார்.