இரண்டாம் முறை நிரப்பாத குழி

மீன்வளத் துறையின் அந்த அலுவலகத்தில் ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். மூத்தவள் மண் ஆய்வாளர், இளையவள் நீர் ஆய்வாளர். அதனால் ஒருத்திக்கு மண்ணம்மா, இன்னொருத்திக்குத் தண்ணியம்மா என்று யாரோ பேர் வைக்க, வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். சொந்தப் பேர்கள் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டன.

மண்ணம்மாவுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். தண்ணியம்மாவுக்கு ஆறு. கொழுந்தனுக்குப் பெண் தேடியபோது, "படிச்ச பொண்ணு, நம்ம ஆபீஸுக்கே வந்துடலாம்" என்று சிபாரிசு செய்தவளே மண்ணம்மாதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்று அதற்கப்புறம் அவள் நினைக்காத நாள் இல்லை.

வந்தவளிடம் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மண்ணம்மாவுக்கு அதுதான் பெரிய குறையாக இருந்தது. அலுவலகத்தில் தண்ணியம்மா வாயைத் திறந்தால் தூங்குகிற குமாஸ்தாகூட நிமிர்ந்து உட்காருவார். வீட்டில் மாடியில் அவள் குடித்தனம், கீழே மண்ணம்மா குடித்தனம். மேலே போய்விட்டு வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும், "எப்படித்தான் இப்படிப் பளிச்சுன்னு வெச்சிருக்காளோ" என்று கீழே வந்து சொன்னார்கள். கீழ்வீட்டைப் பற்றி மேலே போய் என்ன சொன்னார்களோ, தெரியாது. மண்ணம்மாவின் நகக்கண்ணில் பத்தொன்பது வருஷ மண் இருந்தது. எத்தனை சோப்பு போட்டாலும் அது போவதாக இல்லை.

இந்த நிலையில்தான் நன்னீர் மீன் வளர்ப்புக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்க உத்தரவு வந்தது. இரண்டு இடங்கள் கைக்கு எட்டின. ஒன்று வாய்க்காலோரம், மற்றொன்று ஏரியடி. முன்னதை மண்ணம்மாவிடமும் பின்னதைத் தண்ணியம்மாவிடமும் கொடுத்த இயக்குநர், கூட்டத்தில் எல்லார் காதிலும் விழும்படி, "எந்த இடம் தேறுதோ, அதை ஆய்வு பண்ணினவங்கதான் நிலையத்துக்குத் தலைவர்" என்று சொல்லிவிட்டார்.

மண்ணம்மா அந்த நாற்காலிக்காகத்தான் காத்திருந்தாள். இதை விட்டால் ஓய்வு பெறுகிறவரை ஆய்வகத்தில் மண்ணைச் சலித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதைவிட மோசம், தலைவராகிற தண்ணியம்மாவுக்குக் கீழே சலிக்க வேண்டியிருக்கும். அதை நினைத்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது புருஷன் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏரியடி இடம் ரொம்ப நல்லாயிருக்காமே. தண்ணி மேலேருந்து தானா வந்து, கீழே தானா வடிஞ்சுடுமாம். மோட்டாரே வேண்டாமாம்."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"சின்னவதான். மாடிப்படியில பார்த்தேன்."

"பத்தொன்பது வருஷமா மண்ணைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா?"

"நீ சொன்னா எனக்குத் தூக்கம் வருது. அவ சொன்னா புரியுது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மிச்சச் சோற்றை இரண்டே வாயில் முடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். மண்ணம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது. இது பசி இல்லை என்று அவளுக்கே தெரியும்.

அந்தத் துறையில் ஒரு நடைமுறை உண்டு. இடம் யாருடையதாக இருந்தாலும் இரண்டு இடத்து மண்ணையும் மண்ணம்மாதான் பார்ப்பாள், இரண்டு இடத்து நீரையும் தண்ணியம்மாதான் பார்ப்பாள். தண்ணியம்மா வாய்க்காலோரத்து நீரைப் பார்த்து அறிக்கை கொடுத்துவிட்டாள். வாய்க்காலில் ஏழு மாதம்தான் தண்ணீர் ஓடும் என்று எழுதியவள் அதோடு விட்டாளா, ஆழ்குழாய் போட்டால் மிச்ச மாதங்களைச் சமாளித்துவிடலாம் என்று வழியும் சொல்லியிருந்தாள். எதிராளியின் இடத்துக்குப் பரிந்து எழுதியிருக்கிறாள். அதைப் படித்தபோது மண்ணம்மாவுக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவளுக்கு ஒரு தரமாவது சின்னப் புத்தி வரக்கூடாதா?

மறுநாள் குழி வெட்டுகிறவரை அழைத்துக்கொண்டு ஏரியடிக்குப் போனாள். ஈர மண்ணைக் கையில் அள்ளி உருண்டை பிடித்து, தலைக்கு மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தாள். உடையாமல் கைக்கு வந்தால் அது தண்ணீரைத் தாங்குகிற மண். உருண்டை உடையவில்லை. மறுபடி போட்டாள். உடையவில்லை. மூன்றாவது தடவை வேண்டுமென்றே கொஞ்சம் உயரமாகப் போட்டாள். அந்தப் பாழாய்ப்போன மண் அப்போதும் முழுசாகத்தான் கைக்கு வந்தது.

இடுப்பளவு குழி வெட்டி, காலையில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினார்கள். சாயங்காலம் அளவுகோலை விட்டுப் பார்த்தபோது முப்பத்தெட்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

இதில் பயப்பட ஒன்றும் இல்லை. காய்ந்து கிடந்த மண் முதலில் தன் தாகத்துக்குக் குடிக்கும். அதனால் முதல் தடவை இறங்குவதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. மறுபடி நிரப்பி, வெயில் படாமல் தழையால் மூடி, அடுத்த நாள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. அதுதான் மண்ணின் உண்மையான குணம். வாய்க்காலோரத்தில் அப்படிச் செய்துதான் நாலு சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தாள்.

"மறுபடி நிரப்பி மூடிடட்டுமாம்மா?" என்று குழி வெட்டுகிறவர் கேட்டார். "அங்கே ரெண்டு தடவை நிரப்பினோமே."

மண்ணம்மா குனிந்து குழியைப் பார்த்தாள்.

"வேண்டாம். இது போதும்."

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மண்ணம்மா அறிக்கையில் இரண்டே எண்களை எழுதினாள். வாய்க்காலோரம் நாலு, ஏரியடி முப்பத்தெட்டு. இரண்டும் அளந்து பார்த்த எண்கள்தான், ஒன்றுகூடப் பொய் இல்லை. அந்தச் சமாதானம் அவளுக்கு அலுவலகம் போய்ச் சேருகிறவரை தாங்கியது.

தேர்வுக்குழு கூடியது. இயக்குநரோடு வெளியிலிருந்து வந்த இரண்டு நிபுணர்கள். இயக்குநருக்கு மீனின் நோய்கள் அத்துப்படி, மண் என்றால் செருப்பில் ஒட்டுவது என்பதற்கு மேல் தெரியாது. அறிக்கையைப் புரட்டியவர் முப்பத்தெட்டில் வந்து நின்றார்.

"குளத்துல தண்ணியே நிக்காது போலிருக்கே. என்ன தண்ணியம்மா, உங்க பக்கத்துல ஏதாவது சொல்லணுமா?"

மண்ணம்மா மேஜைக்கடியில் கைகளைப் பிசைந்துகொண்டாள். இவள் பேசினால் ஜெயித்துவிடுவாள் என்று பயம்.

தண்ணியம்மா எழுந்து நின்றாள். "சொல்ல ஒண்ணுமில்ல சார். மண் விஷயத்துல அக்கா சொன்னா அதுக்கு மேல கிடையாது. என் இடத்தை நான் விட்டுத் தர்றேன். வாய்க்காலோரத்தையே எடுத்துக்கலாம். தலைவர் பதவிக்கும் அக்காதான் பொருத்தம். நான் அவங்ககிட்ட வேலை கத்துக்குறேன்."

அறையே இளகிவிட்டது. ஒரு நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றவர், "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசா" என்றார். "தோத்தாலும் இப்படித் தோக்கணும்" என்றார் இயக்குநர். வாசலில் தேநீர்த் தட்டோடு நின்ற கடைநிலை ஊழியர்கூட முதல் கோப்பையைத் தண்ணியம்மாவுக்குத்தான் வைத்தார்.

மண்ணம்மாவை யாரும் பார்க்கவில்லை. ஜெயித்தவள் அவள். பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்த நாற்காலி, இயக்குநர் பேனாவைத் திறந்தால் அவளுக்கு. ஆனால் நல்ல பேர் அப்படியே அலுங்காமல் தண்ணியம்மாவிடம் போய்விட்டது. ஜெயித்தாலும் அவளே, தோற்றாலும் அவளே என்றால் நான் எதற்கு என்று மண்ணம்மாவுக்குத் தோன்றியது. நாளைக்கு வீட்டில் புருஷன் இதைச் சொல்லுவார். மாடிக்குப் போய்விட்டு வருகிற அத்தனை பேரும் சொல்லுவார்கள். சின்னவள் விட்டுக்கொடுத்த நாற்காலியில் பெரியவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பார்கள்.

அடுத்து அவள் செய்ததைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது சுத்தமான பொறாமை. அந்தப் பெருந்தன்மையை இவளிடமிருந்து எப்படியாவது பறித்துவிட வேண்டும் என்ற ஆத்திரம்.

"கையெழுத்துப் போடாதீங்க சார்" என்றாள் மண்ணம்மா. "ஏரியடிக் குழியை ரெண்டாவது தடவை நிரப்பல. அது முதல் தடவை இறங்கின அளவு. அதை எழுதியிருக்கக் கூடாது."

இயக்குநர் பேனாவை மூடினார். "மறந்திருப்பீங்க. மனுஷங்கதானே. எவ்வளவு நேர்மையாச் சொல்றீங்க பாருங்க" என்றார். நிபுணர்கள் தலையாட்டினார்கள். பாராட்டு வந்துவிட்டது. தண்ணியம்மா மட்டும் தலையாட்டவில்லை. மேஜையில் கிடந்த அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

குழியை மறுபடி நிரப்பி மூடினார்கள். அடுத்த நாள் காலையில் எல்லாரும் ஏரியடிக்குப் போனார்கள். தழையை விலக்கி மண்ணம்மாதான் அளந்தாள். ஐந்து சென்டிமீட்டர். வருஷம் முழுக்கத் தானாக வந்து தானாக வடிகிற தண்ணீர், அதைத் தாங்குகிற மண். இனிப் பேச்சுக்கே இடமில்லை. இயக்குநர் அங்கேயே தண்ணியம்மாவுக்குக் கை கொடுத்து, "தலைவரே" என்று கூப்பிட்டுவிட்டு நிபுணர்களோடு ஜீப்புக்குப் போனார்.

குழியருகே இரண்டு பேரும் தனியாக நின்றார்கள். அளவுகோலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மறந்துட்டீங்களா அக்கா?" என்று தண்ணியம்மா கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். தண்ணியம்மாவே அதைத்தான் எதிர்பார்த்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. தெரிஞ்சேதான் எழுதினேன்."

"ஏன்?"

"உன்மேல பொறாமை. வேறென்ன."

தண்ணியம்மாவின் கண் கலங்கியது. அவள் அழுது மண்ணம்மா பார்த்ததே இல்லை.

"அது தெரியும்க்கா. நான் வீட்டுக்கு வந்த நாள்லேருந்து தெரியும். சமையலறையில காட்டுவீங்க, மாடிப்படியில காட்டுவீங்க, நான் பொறுத்துக்கிட்டேன். மண்ணுல காட்ட மாட்டீங்கன்னு நம்பித்தான் நேத்து எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னேன்."