வரிசையில் நிற்காத கன்றுகள்

என் வீட்டுக்காரர் நல்லவர். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் அவர் செய்துவைத்திருந்த வேலையைப் பார்த்தபோது, கட்டிய பாவத்துக்கு இவரை இன்னும் எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது என்றுதான் தோன்றியது.

எங்கள் தோட்டம் பூனாகலைக்கு மேலே இருக்கிறது. தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். காட்டடியில் ஓர் ஊற்று. மூன்று லயத்து வீடுகளுக்கும் குடிதண்ணீர் அதுதான். ஊற்றைச் சுற்றியிருந்த தேயிலை கிழடுதட்டிப் போனதால், பிடுங்கிவிட்டு டர்பன்டைன் மரம் நடப்போவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை சொன்னார். அடுத்த மலையில் டர்பன்டைன் நட்ட பிறகு அங்கிருந்த ஓடை வற்றிப்போனது எங்களுக்குத் தெரியாதா? மாதர் சங்கத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் மல்லுக்கு நின்றேன். காட்டு மரங்களையே நடுகிறோம், ஊற்றை விட்டுவிடுங்கள் என்றேன்.

"சரி, ஒரு வருசம் பாக்கிறேன்" என்றார் துரை. "கன்னு புடிச்சிருந்தா எடம் உங்களுக்கு. இல்லாட்டி டர்பன்டைன்தான். பொறகு வந்து அழக்கூடாது."

காட்டுக்குள் விழுந்துகிடந்த விதைகளைப் பொறுக்கி, பால்மாப் பைகளில் முளைக்கப்போட்டு நட்டோம். காட்டுக்கறுவா, நாவல், மிளகுக்கொடி, மஞ்சிட்டி எல்லாம் எங்களுக்குத் தெரிந்தவை. தெரியாதவையும் பாதிக்குப் பாதி இருந்தன. பதுளையிலிருந்து வந்து காடு வளர்க்கச் சொல்லிக்கொடுத்த றொஷேல் மிஸ் அவற்றின் பெயர்களை நீளநீளமாய்ச் சொன்னார். வாயில் நுழையவில்லை, விட்டுவிட்டோம். காடு வரிசையாய் நிற்காது என்று மிஸ் சொன்னதால், கன்றுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் புல்லோடு புல்லாக வைத்தோம். நாங்கள் வைத்த பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் மட்டும், பார்க்க அழகாய் இருக்கட்டுமே என்று நான் ஒரு வரிசை செவ்வந்தி நட்டேன்.

துரை பார்க்க வருகிற அன்று விடிந்ததும் மேலே ஏறினேன். இடம் மொட்டையடித்த தலைபோல் கிடந்தது. ஒரு புல் இல்லை. ஒரு கன்று இல்லை. செவ்வந்தி மட்டும் வரிசை குலையாமல் பூத்து நின்றது.

பின்னால் வந்த என் வீட்டுக்காரர் புவனேந்திரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"எப்புடி? நேத்து நீ பண்டாரவளைக்குப் போயிருந்தல்ல, நம்ம புல்லுவெட்டு ஆளுங்கள மொத்தமா கூட்டியாந்துட்டேன். ஞாயித்துக்கெழம லீவாச்சேன்னு ஒருத்தரும் பாக்கல. தொரை வர்ற எடம் காடு மாதிரி கெடக்கலாமா?"

"யோவ், காடு மாதிரிதான்யா கெடக்கணும்! ஒரு வருசமா நாங்க வளத்த கன்னெல்லாம் எங்க?"

"கன்னா? அதான் வரிசையா நிக்கிதே. அதத் தொடவே இல்லியே" என்று செவ்வந்தியைக் காட்டினார்.

நான் அங்கேயே குந்தி அழுதேன். தேயிலைக்குள் பிறந்து தேயிலைக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். வரிசையில் நிற்காத எதுவும் எங்கள் கண்ணுக்குப் புல்தான். கை தானாகப் புல் சீவுகிற சுரண்டியைத் தேடிப் போகும். அவரை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் சொன்னேன். அவருடைய ஏழேழு தலைமுறையையும் இழுத்துவைத்துச் சொன்னேன்.

சத்தம் கேட்டு அங்கம்மாக்கா ஏறி வந்தாள். புல்லுவெட்டில் அவளை மிஞ்ச தோட்டத்தில் ஆள் கிடையாது. நேற்று வந்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. விஷயம் தெரிந்ததும் வாயில் கை வைத்தாள்.

"அய்யய்யோ, அதெல்லாம் நீங்க வச்சதாடி கலா? காட்டுக்கறுவா தானா மொளச்சிருக்குன்னுல்ல வேரோட எடுத்துக்கிட்டுப் போனேன்! வீட்டுக்குப் பின்னால பதிச்சு வச்சிருக்கேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் புல்லுவெட்டு ஆட்கள் யாரும் மருந்துக்கோ சமையலுக்கோ ஆகிற செடியை வீசுவதில்லை. வேரோடு எடுத்து, இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்குக்குள் செருகிக்கொள்வார்கள். லயத்துக்குப் பின்னால் அது ஓட்டை வாளியிலோ டின்னிலோ வளர்ந்துகொண்டிருக்கும்.

"அக்கா, நேத்து வந்த எல்லாரையும் கூப்புடு. எடுத்துக்கிட்டுப் போனத அப்புடியே கொண்டாரச் சொல்லு. தொரை வர்றதுக்குள்ள!"

"ஓடுறேன், ஓடுறேன். நீ மொதல்ல மூக்கச் சிந்து" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி ஓடினாள்.

ஓட்டை வாளியோடும் டின்னோடும் ஒவ்வொருவராய் வந்தார்கள். என் வீட்டுக்காரர் குழி தோண்டினார். நாங்கள் பாதிகூட நட்டு முடிப்பதற்குள் ஜீப் வந்து நின்றுவிட்டது.

"என்ன இது? இன்னைக்குத்தான் நடுறீங்களா?" என்றார் துரை. முகம் கடுகடுத்தது.

மறைத்து என்ன பயன்? நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை. அங்கம்மாக்காவின் டின்னைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"காட்டுக்கறுவாங்க. பட்டைய அவிச்சுக் குடிச்சா வயித்து வலி போகும்."

உடனே ஆளுக்கு ஆள் கத்தத் தொடங்கினார்கள். இது மஞ்சிட்டி, தோலில் சொறி வந்தால் வேரை அரைத்துப் பூசுவது; இது மிளகு, தடிமன் சளிக்கு. துரை குனிந்து ஒரு நாவல் கன்றைத் தூக்கி, வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து இன்னைக்கு நட்ட கன்னுக்கு இவ்வளவு வேர் வராது" என்றார். "நல்லாத்தான் புடிச்சிருக்கு. சரி, எடம் உங்களுக்கு. டர்பன்டைன வேற பக்கம் பாக்கிறேன்." ஜீப்பில் ஏறியவர் திரும்பினார். "புவனேந்திரன், இனி இந்தப் பக்கம் சுரண்டியோட வரவேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை. ஆனால் நட்டு முடித்து எண்ணிப் பார்த்தேன். பெயர் தெரிந்த கன்றுகள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. பெயர் தெரியாத ஒன்றுகூட வரவில்லை.

றோட்டோரத்தில் வெட்டிக் கொட்டியிருந்த புல் குவியலை நானும் என் வீட்டுக்காரருமாய்க் கிளறினோம். கன்றுகள் எல்லாம் வாடிக் கருகியிருந்தன. அடியில், ஈரத்தில், ஒரே ஒரு கன்று மட்டும் இலை விறைப்பாய்ப் பச்சையாக இருந்தது. அதை அவரே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து ஊற்றோரம் நட்டார்.

"இதுக்கு என்னடி பேரு?" என்றாள் அங்கம்மாக்கா.

"மிஸ் சொன்னாங்க, மறந்துருச்சு."

"பேரு இல்லாட்டி அடுத்த மாசம் மறந்தாப்புல நானே சீவிருவேன். சொல்லிட்டேன்."

"புவனேந்திரன்னு வையி" என்றேன். "யாரு சீவுறாங்கன்னு பாக்கிறேன்."

அவர் வெட்கப்பட்டு எவ்வளவோ மறுத்தார். யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி விதை பொறுக்கக் காட்டுக்குள் போனோம். இந்தத் தடவை புல்லுவெட்டு ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். தெரிந்த விதைகளைச் சீண்டுவார் இல்லை. பெயர் தெரியாத விதைகளுக்குத்தான் அங்கே அடிபிடி, "இதுக்கு எம்பேரு" என்று.