இரட்டைக் கோடு

மருத்துவமனையின் பார்க்கிங் கட்டடத்தில் காரைக் கண்டுபிடித்த பிறகும் வான்மதிக்கு ஏற மனமில்லை. ஒன்பது மாத ரக்ஷாவை கார் சீட்டில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

“ஏறு வான்மதி. ஒரு மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்குது,” என்றான் கவின்.

மீட்டிங்காம்! குழந்தைக்கு இடது அக்குளில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி, கழுத்தில் புதிதாக இன்னொன்று, மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். இந்த மனிதருக்கு மீட்டிங்.

எல்லாம் ஈரோட்டில் போட்ட ஊசியில் ஆரம்பித்தது. இவர்கள் குடியிருக்கும் டெக்சாஸில் குழந்தைகளுக்கு பி.சி.ஜி. போடுவதில்லை. மூன்று மாதக் குழந்தையோடு ஊருக்குப் போனவர்கள், காசநோய் வந்துவிடுமோ என்று பயந்து அங்கே கேட்டுக் குழந்தைக்குப் போட்டார்கள். அந்த ஊசியில் இருப்பது உயிருள்ள, வலுவிழந்த கிருமி. எத்தனையோ கோடிக் குழந்தைகளைக் காப்பாற்றிய ஊசிதான். ரக்ஷாவின் உடம்பில் மட்டும் அது அடங்கமாட்டேன் என்கிறது.

சற்று முன்புதான் டாக்டர் அம்மா ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். சில குழந்தைகளுக்கு இந்த வகைக் கிருமியை அடக்கும் ஜீன் பழுதாகப் பிறப்பிலேயே வரும். அதே பழுது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து சேரும்போதுதான் பெரும்பாலும் தொல்லை. நீங்கள் இருவரும் ரத்த சொந்தமா?

“நோ,” என்றான் கவின், கேள்வி முடிவதற்கு முன்பே.

டாக்டர் தாளில் இரண்டு குடும்பங்களைத் தனித்தனியாக வரைந்தார். அப்படியானால் ஊசியின் வழக்கமான பின்விளைவாக இருக்கலாம், இதே மருந்தை நாலு வாரம் கொடுத்துப் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்.

கவினின் அம்மாவும் வான்மதியின் அப்பாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். மாமன் மகள் இருக்க வெளியில் எதற்குப் பெண் என்று ஊரே மெச்சிய கல்யாணம். டெக்சாஸில் இந்த ரிச்சர்ட்சன் ஊருக்கு வந்த புதிதில் கவின் அதை ஆபீஸ் லஞ்சில் சொல்லப்போக, மேஜையே சிரித்தது. அன்றிலிருந்து அவன் அவளுக்கு வீட்டில் மாமா, வெளியில் கவின். கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு லவ் மேரேஜ் கதையும் கைவசம் வைத்திருந்தான்.

“மாமா, மேல போய் உண்மையச் சொல்லிரலாங்க.”

“பொய் சொன்னேன்னா? ரெக்கார்டுல ஏறிரும். நம்மள என்னன்னு நெனப்பாங்க?”

“என்ன வேணா நெனச்சுட்டுப் போகட்டும். பாப்பா நாலு வாரம் தாங்குவாளா, அதச் சொல்லுங்க.”

அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். “நம்மளாலதான்னு ஆயிருமே, வான்மதி,” என்றான்.

அவளுக்குக் கோபம் பாதி இறங்கியது. அதே பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் குழந்தையின் நெற்றி கொதித்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். லிஃப்ட் வரக் காணோம், படியேறினாள்.

டாக்டர் பாதி சாண்ட்விச்சோடு எழுந்து வந்தார். “அவர் என் அப்பாவோட தங்கச்சி பையன்,” என்று ஆங்கிலத்தில் சொல்வதற்குள் வான்மதிக்கு நாக்கு குழறியது. டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. பழைய தாளை எடுத்து, அந்த அண்ணனையும் தங்கையையும் ஒரே குடும்பமாகச் சேர்த்தார். கவினுக்கும் வான்மதிக்கும் நடுவே இருந்த கோட்டை இரட்டைக் கோடாக்கினார். சொந்தத்துக்குள் கல்யாணம் என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

“நல்ல வேளை, வந்தீர்கள். குழந்தையை இன்றே அட்மிட் பண்ணுவோம். எந்த ஜீன் என்று தெரிந்தால் சிகிச்சையே மாறலாம். மூன்று பேர் ரத்தமும் வேண்டும். உங்கள் கணவர் எங்கே?”

கவின் வாசலில் நின்றான். கையில் டயப்பர் பை, மேல்மூச்சு கீழ்மூச்சு; அவனும் படியேறித்தான் வந்திருந்தான்.

நர்ஸ் குழாய்களை எடுத்து வைத்து, படிவத்தைப் பார்த்தபடி, “நீங்கள் குழந்தையின் அப்பாவா?” என்று கேட்டாள்.

“ஆமாம்,” என்று சட்டைக் கையை மடித்து நீட்டினான் கவின். “குழந்தையோட அம்மாவுக்கு அத்தை மகனும் நான்தான். அதையும் எழுதிக்கோங்க.”