வாசிச்சுக் காட்டாத வாக்குமூலம்

அன்பரசன் அண்ணன் எனக்கு மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தப்பவே சந்தேகம் வந்துருச்சு. குவைத்துல, ஃபஹாஹீல்ல அவரோட கார்கோ கடையில ஆறு வருஷமா மூட்டை தூக்குறேன். ஒரு டீ வாங்கித் தந்த மனுசன் இல்ல. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

விஷயம் அவரு தம்பி பாலகுரு. எங்க கடையில கட்டுன பெட்டியோட ஜெர்மனியில போய் இறங்கினவரைப் புடிச்சு உள்ள வச்சுட்டாங்க. பெட்டிக்குள்ள போதைப் பவுடராம். ரெண்டாயிரத்து ஏழுலருந்து அங்க கேஸ் நடக்குது.

"தம்பியோட வக்கீல் வந்திருக்காரு. போன மாசம் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டியே, அதைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுனாங்களான்னு கேப்பாரு. ஆமான்னு சொல்லிரு, கலாஸ், வேலை முடிஞ்சுது."

வாசிக்கிறதாவது! இந்த ஊர்ல அரபிப் பேப்பரை நீட்டுனா விசாவோ லீவோன்னு நெனச்சு, விரல் காட்டுற எடத்துல போட்டுட்டு டியூட்டிக்கு ஓடுறதுதான் எங்க வழக்கம். அதையும் அப்படித்தான் போட்டேன். என்னைச் சொல்லணும்.

கடை மாடியில வெள்ளைக்கார வக்கீல் உக்காந்திருந்தாரு. மொழிபெயர்க்க கூடவே நாகவள்ளி அம்மா வந்திருந்தாங்க. ஜெர்மனியில குடியிருக்குற யாழ்ப்பாணத்துக்காரங்க. அண்ணன் என் தோளை ஒட்டி உக்காந்துக்கிட்டாரு.

"கையெழுத்து வைக்க முன்னம் இதைத் தமிழில வாசிச்சுக் காட்டினவையோ?"ன்னு அந்தம்மா கேட்டாங்க.

ஆமாங்குறது நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பிரியாணி ஞாபகம் வந்து முழுங்கிட்டேன். "மொதல்ல நீங்க வாசிங்கம்மா."

"எதுக்குடா வெட்டி வேலை?"ன்னு அண்ணன் முனகினாரு. அந்தம்மா அதோட ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் பாத்துத் தமிழ்ல வாசிச்சாங்க.

"பெட்டியை வைரவனாகிய நான் தனியாகக் கட்டினேன். பவுடரை வைத்ததும் நானே. பாலகுருவுக்கு ஒன்றும் தெரியாது."

அட பாவி, அந்தப் பெட்டியை அடுக்குனது அண்ணன். நான் கயிறு மட்டுந்தான் கட்டினேன்.

"யாரும் வாசிக்கலம்மா. இப்பத்தான் கேக்குறேன்."

வக்கீல் பேனாவை மூடி வச்சுட்டு ஏதோ சொன்னாரு. "அப்பிடியெண்டா இதைக் கோர்ட்டிலை குடுக்க ஏலாதாம்"னு அந்தம்மா சொன்னாங்க. "பெட்டியை அடுக்கினது ஆர் எண்டு கேக்கிறார்."

அண்ணன் என் காதுல மெதுவா சொன்னாரு. "உன் பாஸ்போர்ட் என் மேசையில இருக்கு, வைரவா."

ஊர்ல பொண்டாட்டி வடிவும் பிள்ளையும் என்னை நம்பித்தான் இருக்காங்க.

"அடுக்குனது இவருதாம்மா"ன்னேன். "இப்ப என் காதுல சொன்னதையும் சொல்றேன், எழுதிக்குங்க."